ஜெயசீலியின் செகண்டு

முப்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு ஒரு பாட்டைத் தனியாக, நேராகப் பாடத் தெரியாது என்றால் யாராவது நம்புவார்களா? சேலையூர் ஜெயசீலிக்குத் தெரியாது. தெரியாது என்கிற விஷயமே அவளுக்கு முப்பத்தெட்டாவது வயதில்தான் தெரிந்தது. அதுவும் எங்கே? வேலை கேட்டுப் போன இடத்தில், நாற்பது பிள்ளைகளும் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது. வம்பு வருவதற்கு நேரம் பார்த்து வந்தது, பாருங்கள்.

அந்த வீட்டுக்குப் பாட்டு வந்ததே ரயிலேறித்தான். அவளுடைய தாத்தா சவுரிமுத்து, விழுப்புரம் லைனில் கரி இன்ஜின் ஓடிய காலத்தில் ஃபயர்மேன். அந்த இன்ஜினின் டிரைவர் ஓர் ஆங்கிலோ இந்தியர். தாம்பரம் தாண்டியதும் பாட ஆரம்பித்தால் செங்கல்பட்டு சிக்னலில்தான் மனுஷர் வாயை மூடுவார். எல்லாம் ரிக்கார்டில் கேட்டுப் பழகிய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகள். மலை, சுரங்கம், ஜெயில், குடி, காத்திருக்கிற அம்மா, திரும்பி வராத ரயில், இவ்வளவுதான் சமாச்சாரம். சவுரிமுத்துவுக்கு இங்கிலீஷில் நாலு வார்த்தை தெரிந்தால் அதிகம். ஆனாலும் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே பாட்டைப் பூராவும் பிடித்துக்கொண்டார். அர்த்தம் எக்கேடு கெட்டால் என்ன, மெட்டு வந்துவிட்டது. வீட்டில் தொட்டில் ஆட்டும்போதும் அதைத்தான் பாடினார். எட்டாவது படிக்கும்போதுதான் ஜெயசீலிக்கு உறைத்தது, தன்னைத் தூங்கவைத்த பாட்டு, காதலியைக் கொன்றுவிட்டுத் தூக்குக்குப் போகிற ஒருவன் பாடுவது என்று. போய் தாத்தாவிடம் சொன்னாள்.

"அப்டியா?" என்றார் சவுரிமுத்து. "மெட்டு நல்லாத்தானே கீது."

டிரைவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது தன் கிட்டாரை ஃபயர்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது சவுரிமுத்துவின் மகன் யேசுதாசன் கைக்கு வந்தது. யேசுதாசன் தாம்பரம் எலெக்ட்ரிக் ரயில் ஷெட்டில் ஃபிட்டர். வாரம் பூராவும் ஸ்பானர் பிடித்த கை, சனிக்கிழமை சாயங்காலம் ரயில்வேக்காரர்களின் கிளப்பான இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ் நடக்கும்போது கிட்டார் பிடிக்கும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆடும், இவர் வாசிப்பார். கம்பி பட்டு விரல் கிழிந்தாலும் கிரீஸ் துணியில் துடைத்துக்கொண்டு வாசிப்பார். ஒரு பாட்டு நோட்டுப் புஸ்தகம்கூட அந்த வீட்டில் இருந்ததில்லை. எல்லாம் காதுதான்.

அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அருள்மேரி. இரண்டு வயது இளையவள் ஜெயசீலி. அருள்மேரிக்கு நல்ல தொண்டை. சர்ச்சில் அவள் பாடினால் சாமியாரே ஒரு நிமிஷம் புஸ்தகத்தை மூடிவைப்பார். சின்னவளுக்கும் ஆசை இருக்காதா? அக்கா பாடும்போது இவளும் கூடச் சேர்ந்து பாடுவாள். உடனே அருள்மேரி முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளுவாள். "ஏய், அது என் பாட்டு. நீ ஒண்ணும் அதைப் பாட வேணாம்." கிள்ளு என்றால் சாதாரணக் கிள்ளா, இரண்டு நாளைக்குச் சிவந்திருக்கும்.

எட்டு வயது ஜெயசீலி என்ன செய்வாள்? பாடாமலும் இருக்க முடியவில்லை. அக்காவின் குரலுக்கு இரண்டு மூன்று சுரம் கீழே, அவள் கால் வைக்காத இடமாகப் பார்த்து வைத்து, ஒதுங்கி ஒதுங்கி ஒரு வழி பிடித்தாள். வார்த்தை அதே வார்த்தை, மெட்டு வேறே. அக்கா ஏறினால் இவள் கொஞ்சம் ஏறுவாள். அக்கா இறங்கினால் இவள் நின்ற இடத்திலேயே நிற்பாள். இரண்டும் சேர்ந்து கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அப்படித்தான் ஒரு நாள் யேசுதாசன் கிட்டாரைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அட, சூப்பரா கீதே! பெரியவ ஃபர்ஸ்டு, சின்னவ செகண்டு. இனிமே இப்டியே பாடுங்க."

அவ்வளவுதான். அன்றைக்கு எழுதியது எழுதியதுதான். ஃபர்ஸ்டு என்றால் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, ஊரே முணுமுணுக்கிற மெட்டு. செகண்டு என்றால் அதற்குப் பக்கத்தில் போகிற மெட்டு. தனியாக எடுத்துக் கேட்டால் என்ன பாட்டென்றே தெரியாது. யேசுதாசன் வீட்டில் எந்தப் பாட்டு வந்தாலும், அது இங்கிலீஷ் பாட்டோ மாதா பாட்டோ, அருள்மேரி ஃபர்ஸ்டு, ஜெயசீலி செகண்டு.

எண்பதுகளின் ஆரம்பத்தில் இந்த மூன்று பேருக்கும் தாம்பரத்தில் நல்ல பெயர். இன்ஸ்டிட்யூட்டில் ஒரே ஒரு மைக். அருள்மேரி மைக்குக்கு நேராக, ஜெயசீலி அவள் தோளுக்குப் பின்னால் தலையை நீட்டிக்கொண்டு, யேசுதாசன் பக்கவாட்டில் கிட்டாரோடு. மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் எல்லாம் மைக்கில் விழும். பாட்டு முடிந்ததும் எல்லோரும் வந்து அருள்மேரியின் கையைக் குலுக்குவார்கள். ஜெயசீலி வயரைச் சுருட்டுவாள். அவள் அப்போதே கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டு. வாரத்துக்கு ஆறு நாள் மின்சார ரயிலில் நின்றுகொண்டு போய் நின்றுகொண்டு வருகிறவள். சனிக்கிழமை ராத்திரி கழுத்தை நீட்டி நின்றால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழுத்து வலிக்கும். அம்மா ஞானம்மாள் தைலம் தேய்த்துவிடுவாள். "அவளுக்கு மட்டும் ஏண்டி கழுத்து வலிக்கறதில்லே?" என்று ஒரு நாள் கேட்டாள். கேட்ட ஒரே ஆள் அம்மாதான். அந்த அம்மாவும் வண்டலூரில் மிருகக்காட்சி சாலை திறந்த வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அருள்மேரி போனாள். செத்து அல்ல, கல்யாணமாகி. இன்ஸ்டிட்யூட்டில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ரயில்வே கார்டின் மகன், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு விசா வாங்கிக்கொண்டு, கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தச் சமயத்தில் ரயில்வே காலனியில் வீடு வீடாகக் காலியாகிக்கொண்டிருந்தது. ஆடுவதற்கு ஆள் இல்லாமல் டான்ஸும் நின்றது. அப்பாவும் சின்னப் பெண்ணும் மட்டும் ஒரே ஒரு தடவை பொத்தேரியில் ஒரு காலேஜ் விழாவுக்குப் போனார்கள். முதல் பாட்டு ஆரம்பிப்பதற்குள் பையன்கள் சினிமா பாட்டு கேட்டுக் கூச்சல் போட்டார்கள். யேசுதாசன் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அதோடு மேடை முடிந்தது.

ஜெயசீலிக்கு உள்ளுக்குள்ளே ஒரு நிம்மதிதான். இனிமேலாவது சனிக்கிழமை சீக்கிரம் படுக்கலாம் என்று நினைத்தாள். நினைத்தாள் பாவம்! ஆறு மாசத்தில் பெர்த்திலிருந்து ஒரு கேசட் வந்தது. அருள்மேரி தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, பழைய பாட்டு பன்னிரண்டைத் தனியாகப் பாடி அனுப்பியிருந்தாள். "அப்பா கிட்டார் வாசிக்கட்டும், ஜெயா செகண்டு பாடட்டும், நானும் உங்ககூட இருக்கிற மாதிரி இருக்கும்" என்று கடைசியில் பேச்சு வேறே.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இதுதான் சடங்கு. யேசுதாசன் டூ-இன்-ஒன்னை ஸ்டூலில் வைப்பார், கேசட்டைப் போடுவார், ஜெயசீலியைக் கூப்பிடுவார். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் சரி, அவள் வந்து நின்று அக்காவின் குரலுக்குச் செகண்டு பாட வேண்டும். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது கேசட் இழுக்கும். அருள்மேரியின் குரல் தாழ்ந்து தாழ்ந்து ஆம்பிளைக் குரலாகிவிடும். வேறு யாராக இருந்தாலும் நிறுத்துவார்கள். யேசுதாசன் நிறுத்தமாட்டார். கேசட்டுக்குத் தகுந்தாற்போல கிட்டார் கம்பியைத் தளர்த்துவார், "எறங்கி வாம்மா, அக்கா எறங்கறா" என்று ஜெயசீலியையும் இறங்கச் சொல்வார். இந்தக் கூத்து ஐந்தாறு வருஷம் நடந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டி போய், வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி, ஆட ஆளில்லாமல் போன மனுஷருக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. அதையும் எப்படிப் பிடுங்குவது?

அவளுக்கும் கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. மூன்று இடம் வந்தது. "இன்ஸ்டிட்யூட்ல பாடின பொண்ணுதானே?" என்று கேட்டுவிட்டு மூன்று இடமும் எழுந்து போனது. அப்புறம் வருவதும் நின்றுவிட்டது. கேம்ப் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, சிமென்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு, அப்பா, தண்ணீர்க் குடம், ஏழு ஐம்பத்திரண்டு ரயில், டைப்ரைட்டர். ஒரு நாள் ரயிலில் பக்கத்தில் நின்றவள் "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள். ஜெயசீலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் கம்பெனியில் இரண்டு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஏ.சி. அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் தோத்தாத்ரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை.

"ஜெயசீலி, எட்டு டைப்பிஸ்ட்ல ரெண்டு பேரைத்தான் வெச்சுக்கப் போறா. சின்னப் பொண்ணுகளா பாத்து வெச்சுப்பா. மே மாசத்துக்குள்ள வேற ஏதாவது பாத்துக்கோங்கோ."

முப்பத்தெட்டு வயதில் வேறே என்னத்தைப் பார்ப்பது? அப்பாவின் பென்ஷன் அப்பாவின் மூச்சிரைப்பு மருந்துக்கே சரியாகப் போகும். இரண்டு வாரம் தூக்கமில்லை. அப்போதுதான் கேம்ப் ரோட்டில் இருக்கிற சர்ச் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் ரிட்டயர் ஆவதாகப் பூசையில் அறிவித்தார்கள். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. ரயில் இல்லை, நிற்க வேண்டாம், நாலு மணிக்கு வீட்டில் இருக்கலாம். இது மட்டும் கிடைத்துவிட்டால் போதும் மாதாவே என்று வேண்டிக்கொண்டு அப்ளிகேஷன் போட்டாள். அனுபவம் என்கிற இடத்தில் "முப்பது வருஷம்" என்று எழுதினாள். பொய்யில்லையே, எழுதலாம்தானே?

மார்ச் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கூப்பிட்டிருந்தார்கள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு போனாள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஜெயக்கொடி கண்டிப்பான அம்மாள்தான், ஆனால் முகத்தில் கடுகடுப்பில்லை. ஐந்தாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"பெரிசா ஒண்ணும் வேணாம். பசங்களுக்குத் தெரிஞ்ச மாதா பாட்டு ஒண்ணு பாடுங்க. அப்புறம் அவங்களைப் பாட வைங்க. அவ்வளவுதான்."

இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று ஜெயசீலிக்குச் சிரிப்பே வந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்தாள். மூச்சை இழுத்துப் பாட ஆரம்பித்தாள்.

ஒரு வரி முடிவதற்குள் முன்பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பியது. இரண்டாவது வரியில் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"மிஸ், இது வேற மெட்டு மிஸ்!"

ஜெயசீலி நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அதுவேதான் வந்தது. வாயைத் திறந்தால் செகண்டு. அப்போதுதான் அவளுக்குத் தன் தவறு புரிந்தது. ஒவ்வொரு வரி ஆரம்பத்திலும் அவள் அரை நொடி தாமதித்துக்கொண்டிருந்தாள். யாருக்காக? அருள்மேரி முதல் அடி எடுத்து வைப்பதற்காக. அந்த வகுப்பில், கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, பெர்த்திலிருந்து குரல் வரும் என்று அவள் காது காத்துக்கொண்டிருந்தது!

மூன்றாவது தடவை எப்படியாவது ஃபர்ஸ்டைப் பிடித்துவிட வேண்டும் என்று பார்த்தாள். அந்த மெட்டு அவளுக்குத் தெரியாதா என்ன? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரி தவறு சொல்வாள். காதுக்குத் தெரிந்தது, தொண்டைக்குத் தெரியவில்லை. முதல் நாலு சொல் சரியாக வந்தது, ஐந்தாவது சொல்லில் தன்னால் கீழே சறுக்கிவிட்டது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஜெயசீலிக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

ஜெயக்கொடி அவளை வராண்டாவுக்குக் கூட்டி வந்தார்.

"முப்பது வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு போட்டிருந்தீங்க."

"ஆமாம் மேடம்."

"டென்ஷனா இருக்கலாம். நான் ஒண்ணும் சொல்லலை. திங்கட்கிழமை காலைல பிரேயருக்கு முன்னாடி வாங்க. அன்னிக்கு ஸ்ட்ரெயிட்டா பாடுங்க. அதுக்கு மேல என்னால வெயிட் பண்ண முடியாது. செவ்வாய்க்கிழமை இன்னொருத்தங்களை வரச் சொல்லியிருக்கேன்."

ஆபீசுக்குப் போக மனமில்லை. வீட்டுக்கு வந்தாள். யேசுதாசன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா ஆச்சி? போன வேகத்துலயே வந்துட்டே?"

நடந்ததைச் சொன்னாள். கிழவர் முகம் சிவந்துவிட்டது. தன் பெண்ணின் பாட்டைத் தப்பு என்று சொல்வதற்கு எவளுக்குத் தைரியம்? உள்ளே போய் கிட்டாரை எடுத்து வந்தார்.

"எங்க, அங்க பாடுனத அப்டியே பாடு. நான் பாக்கறேன்."

பாடினாள். அதே பாட்டு, அதே செகண்டு. யேசுதாசன் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் வாசித்தார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"கரீட்டாத்தானே பாடறே? இதுல இன்னா தப்பக் கண்டுச்சாம் அந்தம்மா? காது கீதா இல்லியா அதுக்கு?"

ஜெயசீலி அவரையே பார்த்தாள். அவர் விளையாடவில்லை. நிஜமாகவே அவருக்குத் தப்புத் தெரியவில்லை. அவர் காதில் அருள்மேரி பாடிக்கொண்டிருந்தாள். இங்கே நின்று பாடினவள் அந்தப் பாட்டுக்கு ஓரத்தில் எங்கேயோ இருந்தாள்.

"அப்பா, நான் பாடினது செகண்டு. ஃபர்ஸ்டை யார் பாடினா?"

"ஃபர்ஸ்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆமா இல்லே" என்றார் மெல்ல.

"திங்கட்கிழமை நான் ஃபர்ஸ்டைப் பாடணும். இல்லேன்னா வேலை கிடையாது. மே மாசத்துக்கு அப்புறம் சோறும் கிடையாது."

"அவ்ளோதானே? வா, நான் பாடறேன், கூடவே வா."

யேசுதாசன் ஃபர்ஸ்டைப் பாடினார். குரல் கரகரவென்று இருந்தாலும் மெட்டு சுத்தம். ஜெயசீலி கூடப் பாடினாள். இரண்டாவது சொல்லிலேயே செகண்டுக்கு இறங்கிவிட்டாள். மறுபடி. மறுபடியும் அதேதான். பக்கத்தில் ஒருத்தர் ஃபர்ஸ்டு பாடினால் அவள் தொண்டை தன்னால் விலகி வழி விடுகிறது. முப்பது வருஷப் பழக்கத்தை என்ன செய்ய முடியும்? ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு யோசித்தாள். செகண்டில் வேறு யாராவது நின்றுவிட்டால்? அந்த இடம் காலி இல்லையென்றால் தொண்டை எங்கே போகும்? ஃபர்ஸ்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்!

"அப்பா, இப்படிச் செய்யலாம். நீங்க என் செகண்டைப் பாடுங்க. நான் ஃபர்ஸ்டுல நிக்கிறேன்."

"ஓ, தாராளமா" என்று கம்பியை மீட்டினார் யேசுதாசன். வாயைத் திறந்தார். ஃபர்ஸ்டு வந்தது.

"அது இல்லேப்பா. செகண்டு."

"ஆங்." மறுபடி மீட்டினார். மறுபடி ஃபர்ஸ்டு. நிறுத்தினார். உதட்டுக்குள்ளேயே எதையோ தேடினார். இன்னொரு தடவை ஆரம்பித்து, முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அது எப்டிம்மா ஆரம்பிக்கும்?"

முப்பது வருஷம். எத்தனை சனிக்கிழமை, எத்தனை ஞாயிற்றுக்கிழமை, இவருடைய காதுக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று பாடியிருக்கிறாள். ஊருக்குத் தெரியாமல் போகலாம். இன்ஸ்டிட்யூட்டில் ஆடினவர்களுக்குத் தெரியாமல் போகலாம். ஒரு தடவை கேட்டால் எந்தப் பாட்டையும் திருப்பி வாசிக்கிற மனுஷர் இவர். அவள் பாடினதில் ஒரே ஒரு வரிகூட இவருக்குத் தெரியவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. அழுகையும் வரவில்லை. மலை போல ஓர் அசதி வந்தது. இத்தனை வருஷ ரயிலும் இத்தனை வருஷக் கழுத்து வலியும் ஒரே நேரத்தில் தோளில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றாள்.

"கேட்டுக்கினுதான் இருந்தேன்... பாடுனா நல்லா இருக்கும்னு தெரியும். ஆனா அது எப்டிப் போவும்னு..." கிழவர் கிட்டார் கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். "அத்த நான் தனியா கேட்டதே இல்லம்மா."

அவள் எழுந்து உள்ளே போய் அரிசி களைந்தாள்.

ஃபர்ஸ்டை அவள் தன்னந்தனியாகத்தான் கற்றுக்கொண்டாள். சனிக்கிழமை அடிபம்பில் குடம் நிறைகிறவரைக்கும் ஒரு வரி. ஆபீஸ் போகும்போது ரயில் சத்தத்தில் ஒரு வரி; யாருக்கும் கேட்காது. செகண்டுக்குச் சறுக்கும்போதெல்லாம் முழங்கைக்கு மேலே தானே கிள்ளிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் யேசுதாசன் வழக்கம்போல டூ-இன்-ஒன்னைத் துடைத்து ஸ்டூலில் வைத்தார். ஜெயசீலி கேசட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பின்பக்கம் போய், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, இருட்டுகிறவரைக்கும் அந்த ஒரே பாட்டைப் பாடினாள். பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா ஜெயா, பேய் கீய் புட்ச்சிக்கிச்சா?" என்றாள். "ஆமாக்கா, இப்பத்தான் எறங்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பாடினாள்.

திங்கட்கிழமை அதே வகுப்பு, அதே இரட்டைச் சடை. ஜெயசீலி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நேராக எடுத்தாள், நேராகப் போனாள். இரண்டாவது வரியில் பிள்ளைகள் தாமாகவே சேர்ந்துகொண்டார்கள். நாற்பது குரல் கூட வந்தபோது தொண்டை ஒரு கணம் கீழே இறங்கப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பாடிக்கொண்டே போகும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது: இது இவ்வளவு சுலபமா? வளைவு இல்லை, ஒதுங்கல் இல்லை, யாரையும் கவனிக்கத் தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இதற்கா இத்தனை வருஷம் கையைக் குலுக்கினார்கள்? பாழாய்ப்போன ஜனங்கள்!

ஜெயக்கொடி வராண்டாவில் நின்று கேட்டார்.

"இவ்வளவு நல்லா பாடறீங்க. வெள்ளிக்கிழமை என்னம்மா ஆச்சு உங்களுக்கு?"

"வெள்ளிக்கிழமை பாடினதும் சரிதான் மேடம். கூட ஆள் இல்லே, அவ்வளவுதான்."

ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் புரியவில்லை. ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கிற அன்றைக்கு வந்து சேரச் சொன்னார்.

சந்தோஷமாக ஓடிவந்து சொல்கிற வயதா அவளுக்கு? மெதுவாகத்தான் நடந்தாள். கேம்ப் ரோட்டில் அந்த நேரத்துக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. தெருமுனையில் திரும்பும்போதே கிட்டார் சத்தம் கேட்டது. வீட்டு வாசலில் யேசுதாசன் நாற்காலியில் உட்கார்ந்து, இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதையோ பாடிப் பாடி நிறுத்திக்கொண்டிருந்தார். கேட்டில் கையை வைத்தவள் அப்படியே நின்றாள்.

மாதா பாட்டு. ஃபர்ஸ்டு இல்லை. ஃபர்ஸ்டுக்குக் கீழே எங்கேயோ தட்டுத் தடுமாறிக்கொண்டு, இரண்டு சொல் சரியாக வைத்து, மூன்றாவதில் வழுக்கி ஃபர்ஸ்டுக்கே போய், "சே" என்று தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து. எழுபது வயதுக் கிழவர், மூச்சு வாங்க வாங்க, அவளுடைய பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

கேட் கிரீச்சிட்டது. திரும்பினார். திருடும்போது பிடிபட்டவர் மாதிரி கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார்.

"கெட்ச்சிதாம்மா?"

"கெடச்சுதுப்பா."

"அப்பாடா" என்றார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஜெயா, இந்த மூணாவது எடம் எப்டிம்மா போவும்? காலைலேர்ந்து பாக்கறேன், பிடிபட மாட்டேங்குது. ஒரே ஒரு வாட்டி பாடிக் காட்டேன்."

பாடிக் காட்டினால் அரை நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார். அது அவளுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றினாள். பையைக் கதவோரம் வைத்தாள். கால் கடுத்தது. அவருக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காட்ட மாட்டேன்ப்பா. நான் ஃபர்ஸ்டைப் பாடறேன். நீங்க கூட வந்து தேடுங்க."

அவர் கிட்டாரைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். ஜெயசீலி பாட ஆரம்பித்தாள். பக்கத்தில் அந்தக் கரகரப்புக் குரல் முதல் சொல்லில் செகண்டைப் பிடித்தது, இரண்டாவதிலும் பிடித்தது, மூன்றாவதில் ஃபர்ஸ்டிலேயே போய் விழுந்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், நிறுத்துவாள் என்று.

அவள் நிறுத்தவில்லை.